ஆடிக் கூழும் ஜூலியின் மூச்சும்

உங்கள் ஆஸ்பத்திரிக்கு மயக்க மருந்து மானிட்டர் வந்துவிட்டதாக நேற்று படம் அனுப்பியிருந்தீர்கள். பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, ஏதாவது தப்பானால் கத்துவதற்கு ஒரு மணி. பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உத்திரமேரூரில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என்னுடைய மானிட்டர், நாயின் விலாவில் வைத்த ஒரு கை மட்டும்தான். படத்துக்குக் கீழே, "மேடம், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஏதாவது அட்வைஸ் எழுதுங்க" என்று கேட்டிருந்தீர்கள். அட்வைஸ் கொடுக்கும் ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் செய்த ஒரு தப்பை வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கொஞ்ச நாளில் மயக்கம் கொடுப்பது உங்களுக்குப் பழகிவிடும் என்பார்கள். எனக்கு ஓய்வு பெற்ற நாள்வரை பழகவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வாலை ஆட்டி உங்கள் கையை நக்கிய பிராணி, ஊசி ஏறியதும் எங்கோ போய்விடுகிறது. உடம்பு நம் மேசைமேல் கிடக்கிறது, ஜீவன் எங்கே நிற்கிறதென்று தெரியாது. பிறகு எப்படியோ வழி கண்டுபிடித்துத் திரும்பி வருகிறது, அதே ஆளாக, அதே குறும்போடு. மருந்து என்ன செய்கிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள்தான் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை கூப்பத் தோன்றும். உங்களுக்கும் அது மரத்துப்போகாமல் இருக்கட்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி மாடுகளுக்கான ஆஸ்பத்திரி. நாயும் பூனையும் வந்தால் நடுவில் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஓர் உதவியாளர் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பத்து மடங்கு நிதானம். அவள் பெயரைப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் உதவியாளர் என்றே சொல்கிறேன். அறுவை நடக்கும்போது நாயின் விலாவில் கை வைத்து, மூச்சை வாய்விட்டு எண்ணுவது அவள் வேலை. நெல் அளக்கிற குடும்பத்தில் பிறந்தவள். களத்தில் முதல் மரக்காலை யாரும் 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவளும் அப்படியே. "லாபம்... ரெண்டு... மூணு..." ஒவ்வொரு நிமிஷமும் மறுபடி லாபத்திலிருந்து. ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு அந்தக் குரல் இல்லாமல் என் கத்தி நகராது என்றாகிவிட்டது.

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. மாகறலிலிருந்து ஏழுமலை என்பவர் தன் நாயை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார். நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவர். வெளியூர் அறுவடைக்குப் போய்விட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். நாய் பெயர் ஜூலி. ஊர் நாய்தான், செம்மண் நிறம், ஐந்து வயது இருக்கும். தண்ணீராகக் குடிக்கிறது, கறுப்பாக வாந்தி எடுக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது. கை வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, கர்ப்பப்பையில் சீழ். எடுத்தாக வேண்டும். அதிக நாள் தாங்காது.

"டாக்டரம்மா, எப்டியாவது காப்பாத்திக் குடுங்க. ஜூலி இல்லன்னா நான் வண்டிக்கே போவ முடியாது" என்றார்.

"ஏன், ஜூலியா வண்டி ஓட்டுது?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

அவர் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற மனைவியைக் காட்டினார். தேவகி, இருபத்தைந்து வயதுப் பெண், இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. "அதுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நான் வெளியூர் போனா வூட்ல இதுவும் கொயந்தயும்தான். கொயந்த தூளில அழுவும், இதுக்குத் தெரியாது. ஜூலிதான் ஓடிப்போய் இது கால்ல மூக்கால முட்டும். யாரும் சொல்லிக் குடுக்கல டாக்டரம்மா. கொயந்த பொறந்த நாலாம் நாள்லேர்ந்து அதுவே பண்ணிக்கினு கீது."

மறுநாள் மத்தியானம் கொண்டுவரச் சொன்னேன். வெறும் வயிறாக இருக்க வேண்டும், இரவுக்கு மேல் ஒன்றும் கொடுக்கக்கூடாது, மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று பாடம் எடுத்தேன். வேறு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்றும் கேட்டேன். "இல்ல டாக்டரம்மா" என்றார். எல்லாக் கேள்வியையும் ஒழுங்காகத்தான் கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். பரீட்சையாக இருந்தால் முழு மதிப்பெண்.

மறுநாள் ஆடி வெள்ளி. ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். ஒலிபெருக்கி ஒரு பக்கம், வேப்பிலை ஒரு பக்கம். எங்கள் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு தூக்கு நிறையக் கூழ் வந்தது, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. நான் ஒரு பெரிய சொம்பு குடித்தேன். குடித்து முடித்து வாயைத் துடைக்கும்போது வீட்டுக்காரர் போன் செய்தார். "சாப்ட்டியா?" என்றார். "எங்க சாப்பிடறது, ஆபரேஷன் இருக்கு. இன்னும் இல்ல" என்றேன். வயிறு முட்டக் கூழை வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை. நம் ஊரில் சாப்பாடு என்றால் சோறு. கூழ் குடித்தது சாப்பிட்ட கணக்கில் வராது, அதுவும் அம்மன் கூழ்.

இரண்டு மணிக்கு ஏழுமலை வந்தார். தேவகி தாழ்வாரத்தில், ஜன்னல் கம்பிக்கும் தூணுக்குமாகப் புடவையில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். நான் ஏழுமலையைக் கேட்டேன், "ஏதாவது சாப்பிட்டுச்சா?"

"நேத்து ராத்திரிலேர்ந்து ஒரு பருக்க கூட போடல டாக்டரம்மா" என்றார். சத்தியமான வார்த்தை.

ஊசி போட்டேன். ஜூலி என் முழங்கையில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போனது. மேசையில் ஏற்றிப் படுக்கவைத்தோம். தொண்டைக் குழாயை எடுக்க நான் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் உதவியாளர் எண்ணிக்கொண்டிருந்தாள். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..." அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தால் ஜூலியின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பழுப்பாக வழிகிறது. நடுவில் சின்ன வெங்காயத் துண்டுகள்.

"மேடம், கூழு" என்றாள் அவள். அப்புறம், "மேடம், மூச்சு இல்ல."

புத்தகத்தில் இந்த இடத்தில் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கும், நீங்களும் படித்திருப்பீர்கள், அதைத் திரும்ப எழுதவில்லை. புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். அந்த நொடியில் என் மூளை முதலில் ஓடிய இடம் ஜூலியின் தொண்டை அல்ல. 'யார் கொடுத்தது?' என்றுதான் ஓடியது. தலைக்கு மேல் கோபம். ஏழுமலையை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் துடித்தது. உதவியாளர் அதற்குள் ஜூலியின் தலையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, நாக்கை இழுத்துப் பிடித்து, துணியால் வாயை வழித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "மேடம், அப்பறம் திட்டலாம். கொழாய எறக்குங்க" என்றாள். என் மொத்த சர்வீஸில் யாரும் எனக்குச் சொன்னதில் இதுதான் உயர்ந்த வார்த்தை. குற்றவாளியைத் தேடும் புத்தியும் உயிரைத் தேடும் புத்தியும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. ஒன்று போனால்தான் மற்றது வரும்.

குழாயை இறக்கினேன். உள்ளே போனதை உறிஞ்சி எடுத்தோம். ஆக்சிஜன் பையை அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். விலா என் கைக்கு ஏறியது, என் கைக்கு இறங்கியது. அதில் ஜூலி இல்லை. ஈறு நீலம் பாரித்துவிட்டது. தாழ்வாரத்திலிருந்து தேவகியின் கொலுசுச் சத்தம் கேட்டது, தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். நான்கு மாதக் குழந்தையின் அழுகைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே காது என் கைக்கு அடியில் கிடக்கிறது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. வேண்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

ஒரு கட்டத்தில் உதவியாளர் தன் கையை விலாவில் அழுத்தி, "மேடம், பைய விடுங்க" என்றாள். விட்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு விலா ஒரு நூல் அளவுக்குத் தானாக ஏறியது.

"லாபம்" என்றாள்.

என் உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. யார் சொல்லி ஏறியது அந்த விலா? நான் காற்றைத்தான் அனுப்ப முடியும். அதை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்பது என் கையில் இல்லை.

பத்து நிமிஷத்தில் ஈறு சிவந்தது, எண்ணிக்கை சீரானது. இனி என்ன செய்வது? எழுப்பிவிட்டால் சீழ்ப்பை உள்ளே வெடிக்கலாம், இன்னொரு மயக்கத்தை அந்த உடம்பு தாங்குமா தெரியாது. தொண்டையில் குழாய் இருக்கிறது, வழி பத்திரமாக இருக்கிறது. அறுவையை முடித்துவிடுவதுதான் சரி என்று பட்டது. கத்தியை எடுக்கக் கை பரபரத்தது, அவமானத்தை வேலையால் மூடும் பரபரப்பு. அந்தக் கையை நான் நம்பவில்லை. ஒரு விஷயம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது என்றால், இரண்டாவதும் இருக்கலாம் அல்லவா? "எண்ணிக்கினே இரு, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

ஏழுமலை எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். "கூழா? நான் குடுக்கலியே டாக்டரம்மா. நான் ஆட்டோ புடிக்கப் போயிட்டேன்" என்றார்.

"வீட்ல ஜூலிக்குச் சோறு போடறது யாரு?"

"இதுதான். ஆனா அதக் கேட்டா இன்னா தெரியும் டாக்டரம்மா, அதுக்குக் காது..."

"நீங்க கையால கேளுங்க. நான் பார்க்கிறேன்."

அவர் கேட்டார். தேவகி காலையிலிருந்து நடந்ததைக் கையாலேயே வரிசையாகக் காட்டினாள். தட்டு காலி, சோறு இல்லை. ஜூலி பின்னாலேயே வந்து கெஞ்சியது, அப்போதும் இல்லை. அப்புறம் நெற்றியில் பொட்டு வைத்துக் காட்டினாள், தலைக்கு மேல் கை கூப்பினாள். தெருமுனை அம்மன். முந்தானையை ஏந்தினாள், ஜூலிக்காக வேண்டிக்கொண்டாள். ஒரு சொம்பு. முதல் கை அம்மன் பெயரைச் சொல்லி ஜூலியின் வாயில், இரண்டாவது கை, மூன்றாவது கை. காட்டி முடித்து என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தப்பு நடந்துவிட்டது என்று புரிந்துவிட்டது.

"இன்னா பேஜார் பண்ணி வச்சிருக்கே!" என்று ஏழுமலை கையை ஓங்கினார்.

"கையை இறக்குங்க" என்றேன். "அவங்க மேல தப்பில்ல. சோறு போடாதேன்னு சொன்னீங்க, போடல. சாமி குடுத்ததை யார் சாப்பாடுன்னு சொல்வாங்க? நானே ஒரு சொம்பு குடிச்சிட்டு, இன்னும் சாப்பிடலன்னு வீட்டுக்குச் சொன்னேன். கேட்க வேண்டிய ஆளை விட்டுட்டு உங்களைக் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு." தன் தப்பை ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொன்னால் கூரை இடிந்து விழாது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

தேவகியின் கையைப் பிடித்து என் மார்பில் வைத்து, மூச்சை இழுத்து விட்டுக் காட்டினேன். உள்ளே ஜூலியைக் கை காட்டினேன். இருக்கிறது, மூச்சு இருக்கிறது. அவள் தலையாட்டிய பிறகு, இரண்டு விரலை வாயில் வைத்து விழுங்குவதுபோல் காட்டினேன். வேறு ஏதாவது?

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. டைக்ளோஃபெனாக், நாம் எல்லோரும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள், பிரசவத்துக்குப் பிறகு வந்த வலி. பிறகு ஜூலியைக் காட்டி, தன் முதுகை வில்லாக வளைத்துக் காட்டினாள். நகத்தால் பாதி மாத்திரை. மூன்று விரல், மூன்று நாள்.

என்னால் அவளிடமிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. ஜூலி முனகியதை அவள் கேட்டதில்லை. முதுகு வளைந்த விதத்தைப் பார்த்தே, இது என்னுடைய வலி மாதிரி வலி என்று கண்டுபிடித்து, தன் மாத்திரையில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். அந்த மாத்திரை நாய்க்கு விஷம். வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாந்தி கறுப்பாக இருந்தது என்று முந்தின நாள் ஏழுமலை சொன்னதை நான் கர்ப்பப்பையின் கணக்கில் எழுதிவிட்டேன். உள்ளே என் தட்டில், அறுவை முடிந்ததும் போடுவதற்காக ஒரு வலி ஊசி தயாராக இருந்தது. அதுவும் இந்த மாத்திரையும் பங்காளிகள். இரண்டும் ஒரே வயிற்றில் சந்தித்தால் வெட்டுக்குத்துதான். வெளியே வந்து கேட்டிராவிட்டால், கூழிலிருந்து தப்பிய நாயை என் கையாலேயே கொன்றிருப்பேன், அதுவும் வலி தெரியாமல் இருக்கட்டுமே என்ற நல்லெண்ணத்தில்.

உள்ளே போய் முதல் வேலையாக அந்த ஊசியைக் கொட்டினேன். வலிக்கு வேறு வகை மருந்து, வெட்டும் இடத்தில் மரத்துப்போக ஓர் ஊசி, சிறுநீரகத்துக்காகக் கூடுதல் டிரிப். உதவியாளர் எண்ண எண்ண அறுவையை முடித்தேன். ஒரு தடவைகூட எண்ணிக்கை நிற்கவில்லை.

அன்றிலிருந்து நான் "சாப்பிட்டுச்சா?" என்று யாரையும் கேட்டதில்லை. "காலையிலேர்ந்து வாய்க்குள்ள என்னென்ன போச்சு? யார் கையால போச்சு?" என்று கேட்பேன். பதிலை, யார் கையால் போகிறதோ அவர் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்வேன். பள்ளிக்கூடம் போன பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துவர வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரரைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கிறுக்கி என்று சொன்னவர்கள் உண்டு. மாத்திரையைப் பற்றியும் அப்படித்தான். "மருந்து குடுத்தீங்களா?" என்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீட்டு மாத்திரையை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. "உங்க வீட்ல யாருக்காவது வலி இருக்கா, என்ன போடுறீங்க?" என்று கேளுங்கள், எல்லாம் வெளியே வரும்.

சரி, ஜூலி என்ன ஆயிற்று என்கிறீர்களா? வருகிறேன்.

மூச்சு திரும்பிவிட்டது, ஜூலி திரும்பவில்லை. நான்கு மணி ஆனது, நாலரை ஆனது. எழுந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தரையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்திருந்தோம். இமையைத் தொட்டேன், அசையவில்லை. விரல் நடுவில் கிள்ளினேன், கால் லேசாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். மூச்சு நின்ற அந்த நேரத்தில் மூளைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? எழுந்து நிற்கும், தின்னும், குரைக்கும். ஆனால் அது இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஜூலியாக இருக்குமா? ஏழுமலை வாசல்படியில் உட்கார்ந்து அதையேதான் கேட்டார். "டாக்டரம்மா, முந்தி மாரி இருக்குமா?" தெரியவில்லை என்றே சொன்னேன்.

தேவகி தாழ்வாரத்துக்கு முதுகைக் காட்டி, ஜூலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை ஜூலியின் விலாவில் இருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. உதவியாளர் எதிரில் உட்கார்ந்து மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது தூளியில் குழந்தை அழ ஆரம்பித்தது.

ஏழுமலை எழுந்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன், ஏனென்று எனக்கே தெரியாது. குழந்தை இன்னும் பலமாக அழுதது. தேவகி திரும்பவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூலியின் காது ஒரு தடவை துடித்தது.

கண் திறக்கவில்லை. தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை, தாடை சாக்கில் விழுந்தது. பிறகு கழுத்தை நீட்டி, மூக்கைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு நகர்ந்தது. இரண்டு விரற்கடை. கொஞ்சம் நின்றது. மறுபடி இரண்டு விரற்கடை. தேவகியின் காலில் போய் முட்டியது.

தேவகி குனிந்து ஜூலியைப் பார்த்தாள். எங்களை யாரையும் பார்க்கவில்லை. எழுந்து நேராகத் தூளிக்குப் போனாள்.

உதவியாளர் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். ஜூலியின் விலா சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நான் ஏன் என்று கேட்கவில்லை.